ஏழு பக்கத் தளத்தில் ஒரு தொலைபேசி எண்ணை மாற்ற இரண்டு நாள்

நூல்கண்டு:

வணக்கம். மனசு ஆறாமல்தான் எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் கேட்க வேண்டும்.

போன வாரம் ஒரு தளம் என் கைக்கு வந்தது. ஒரு சிறிய அலுவலகத்தின் தளம். மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு குழு கட்டிக் கொடுத்தது. அவர்களில் யாரும் இப்போது தொடர்பில் இல்லை. மொத்தம் ஏழே பக்கங்கள்: அறிமுகம், சேவைகள், வேலை நேரம், விடுமுறை நாட்கள், கேள்வி பதில், முன்பதிவு ஃபார்ம், தொடர்பு. வருடத்துக்கு நாலைந்து தடவை ஏதாவது மாறும், அவ்வளவுதான். எனக்குச் சொன்ன வேலை: தொலைபேசி எண் மாறிவிட்டது, புது எண்ணைப் போட்டுக் கொடுங்கள்.

பத்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

கோட் முழுவதையும் இறக்கிக்கொண்டு, அதற்குத் தேவையான பேக்கேஜ்களை (பிறர் எழுதிவைத்த கோட் துண்டுகளை) இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தேன். சிவப்பு எழுத்தில் திரை நிறையப் பிழைகள். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸைத் தொகுக்கிற ஒரு பேக்கேஜ், இவற்றையெல்லாம் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் பழைய வெர்ஷனில் மட்டும்தான் ஓடும். என் கணினியில் இருந்தது புதுசு. அதனால் அந்தப் பேக்கேஜ் தன்னைத் தானே கம்பைல் செய்துகொள்ளப் பார்த்தது. பைத்தான் கேட்டது. அதைக் கொடுத்தால் சி++ கம்பைலர் கேட்டது. சரி, பழைய நோட் வெர்ஷனையே போட்டுவிடலாம் என்று போட்டேன். இப்போது வேறு இரண்டு பேக்கேஜ்கள் புதிய நோட் இல்லாமல் ஓடமாட்டோம் என்றன. காரணம், எந்தப் பேக்கேஜ் எந்த வெர்ஷன் என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலை யாரோ கோடோடு சேர்க்காமல் விட்டிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் எந்தெந்த வெர்ஷனில் இது ஓடியது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஒவ்வொன்றாக ஊகித்து, போட்டு, பார்த்து, கழற்றி, மறுபடி போட்டேன். இரவு பதினொன்றரை ஆனது. பேக்கேஜ்கள் வந்து இறங்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன்: 34 ஆயிரம் ஃபைல்கள், 400 எம்பி. ஏழு பக்கத்தில் இருக்கும் எழுத்து எல்லாவற்றையும் சேர்த்தால் 60 கேபிகூட வராது. தமிழ் எழுத்துக்கு யூடிஎஃப்-8ல் மும்மூன்று பைட் ஆகும், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறுநாள் மதியம் ஒருவழியாக பில்ட் ஆனது, அதாவது கோட் எல்லாம் ஏற்றத் தயாரான தளமாகத் தொகுக்கப்பட்டது. எண் மூன்று இடத்தில் இருந்தது: அடிப்பகுதி காம்பொனென்ட்டில், தொடர்பு பக்கத்தில், மொழிபெயர்ப்புக்கான ஜேசன் ஃபைலில். மூன்றையும் மாற்றி ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு. "சார், என் போனில் இன்னும் பழைய நம்பர்தான் வருது."

சர்வீஸ் வொர்க்கர், பிரவுசருக்குள் பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட். ஆஃப்லைனிலும் தளம் திறக்க வேண்டும் என்று யாரோ அதைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய பக்கத்தைப் போனிலேயே சேமித்து வைத்து அதையே காட்டிக்கொண்டிருந்தது. புதிய வொர்க்கர் வந்து இறங்கினாலும், நாம் கோடில் தனியாகச் சொல்லாவிட்டால், பழையதன் பிடியில் இருக்கும் டேப் எல்லாம் மூடும்வரை அது காத்துக்கொண்டுதான் இருக்கும். அந்த இடைவெளியில் அவசரத்துக்கு அழைத்தவர்கள் எத்தனை பேர் செத்துப்போன எண்ணுக்கு அழைத்தார்களோ.

எல்லாம் முடிந்த பிறகு, பக்கத்தின் மூல எழுத்தைக் காட்டும் வியூ சோர்ஸ் போட்டுப் பார்த்தேன். ஒரு காலி டிவ் (வெறும் பெட்டி), கீழே இரண்டு ஸ்கிரிப்ட் டேக். வேலை நேரம் என்ன என்பதுகூட அந்த எச்டிஎம்எல்லில் இல்லை. ஸ்கிரிப்ட் இறங்கி, ஓடி, இன்னொரு ஃபைலைக் கேட்டு வாங்கி, அதற்குப் பிறகுதான் "காலை 9 முதல் மாலை 5 வரை" என்ற வரி திரையில் வருகிறது. என் பழைய போனில் அது வர ஒன்பது விநாடி ஆனது. அதுவரை வெள்ளைத் திரை.

ரியாக்ட் மாதிரி, ஜாவாஸ்கிரிப்டால் திரையைக் கட்டித் தரும் ஃபிரேம்வொர்க்குகளின் எதிரி நான் கிடையாது. ரியாக்டில் நாலு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். என் கேள்வி ஒன்றுதான்: ஏழு பக்கத் தளத்துக்கு இதுதான் வழி என்று முடிவெடுக்கிறவர்கள், மூன்று வருடம் கழித்து இதைத் திறக்கப்போகிறவரை நினைத்துப் பார்க்கிறார்களா? நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

---

விழுது:

உங்கள் இரண்டு நாள் வீணானதில் எனக்கும் வருத்தம்தான், அண்ணா. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பார்ப்பது ஒரு வேலை அட்டவணைக் கருவி. ஒரே பலகையை ஐந்து பேர் ஒரே நேரத்தில் திறந்து அட்டைகளை இழுத்துப் போடுவார்கள். ஒருவர் நகர்த்தினால் மற்ற நால்வர் திரையிலும் அது நகர வேண்டும். இதை 2011 வாக்கில் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் செய்திருக்கிறோம். மேலே "7 வேலை பாக்கி" என்று காட்டும், பக்கவாட்டில் 6 என்று காட்டும், பட்டியலை எண்ணிப் பார்த்தால் 8 இருக்கும். ஒவ்வொரு இடத்தையும் நாமே போய்த் தொட்டு மாற்ற வேண்டியிருந்ததால் எங்காவது ஒன்று விட்டுப்போகும். 2013ல் ரியாக்ட் வெளியானபோது, தகவலை ஓரிடத்தில் வைத்துக்கொள், திரை அதிலிருந்து தானாக வரும் என்ற யோசனை எங்களுக்குப் பெரிய விடுதலை. அந்த வகைப் பிழைகள் அதன்பிறகு எங்களிடம் அநேகமாக வரவே இல்லை.

ஆகவே, பக்கத்தைத் திறந்தவர் அதில் உட்கார்ந்து மணிக்கணக்காக வேலை செய்வாரா, இல்லை படித்துவிட்டுப் போய்விடுவாரா? நான் பார்ப்பது அதைத்தான். உங்கள் ஏழு பக்கம் இரண்டாவது வகை. அதற்கு இது தேவையில்லை என்று நானே சொல்வேன்.

ஏன் செய்தார்கள் என்றால், எனக்குத் தெரிந்தவரை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. குழுவில் ஆறு பேருக்கும் அது ஒன்றுதான் கைப்பழக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் ரியாக்ட் படித்துவிட்டு, எச்டிஎம்எல் ஃபார்ம் தானாகவே சர்வருக்குத் தகவல் அனுப்பும் என்பதை இரண்டு வருடம் கழித்துத் தெரிந்துகொள்கிறார்கள். எங்கள் குழுவிலேயே இதைப் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, பாடத்திட்டமே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

---

அரைநாழி:

இப்போது எல்லோர் கையிலும் வேகமான போன், வேகமான நெட். ஒரு பக்கம் நாலு எம்பி இருந்தால் அதெல்லாம் ஒரு விஷயமா? சும்மா பழைய காலத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோமோ என்று தோன்றுகிறது.

---

நூல்கண்டு:

விழுது, நீங்கள் பிரித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உட்கார்ந்து வேலை செய்வதா, படித்துவிட்டுப் போவதா. அந்த 6, 7, 8 கணக்குப் பிழையை நானும் பட்டிருக்கிறேன்.

அரைநாழி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நெட் வேகம் பாதிக் கதைதான். ஒரு எம்பி படம் இறங்கினால் பிரவுசர் அதை விரித்துக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஒரு எம்பி ஜாவாஸ்கிரிப்ட் இறங்கினால் அதைப் படித்து, கம்பைல் செய்து, ஓட்ட வேண்டும். அந்த வேலை போனின் பிராசஸர் தலையில் விழுகிறது. நெட் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இந்தப் பகுதி குறையாது. அது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பட்டனை அழுத்தினால் திரை அசையாது. நம் மேசைக் கணினியில் இது தெரியவே தெரியாது, அதுதான் சிக்கல். டெவலப்பர் கருவியில் பிராசஸர் வேகத்தை ஆறு மடங்கு குறைத்து வைத்து உங்கள் தளத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். தயவுசெய்து பாருங்கள்.

இன்னொன்று. சர்வர் ஒரு புது இணைப்பில் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிடாது. பொதுவாகப் பத்து பாக்கெட், ஏறக்குறைய 14 கேபி அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பிறகுதான் கூட்டிக்கொண்டே போகும். சுருக்கி அனுப்பினால் ஒரு சாதாரண எழுத்துப் பக்கம் அந்த முதல் தவணையிலேயே முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் நிற்கிறவருக்கு அந்த ஒரு தவணைதான் கிடைக்கும்.

ஜாவாஸ்கிரிப்டை யார் அணைத்து வைக்கிறார்கள் என்று கேட்பார்கள். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு 2013ல் தங்கள் தளத்தில் இதை அளந்து வெளியிட்டது. 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்டால் வரும் வசதி கிடைக்கவில்லை. அதில் அணைத்து வைத்தவர்களும் பிரவுசரே ஆதரிக்காதவர்களும் சேர்த்து 0.2 தான். மீதி 0.9 சதவீதம், எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ காரணத்தால் கிடைக்காமல் போனவர்கள். நெட் அறுந்திருக்கலாம், அலுவலக ஃபயர்வால் தடுத்திருக்கலாம், பக்கம் பாதியில் நின்றிருக்கலாம். வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர் நமக்குப் புகார் எழுதமாட்டார். வந்தவர்களை எண்ணும் நம் அனலிட்டிக்ஸிலும் வரமாட்டார், அதுவும் ஜாவாஸ்கிரிப்ட்தானே.

---

ஒலிவழி:

எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ ஸ்க்ரீன் ரீடரும் கீபோர்டும்தான். எடை, வேகம் எல்லாம் நீங்கள் பேசுகிறீர்கள். எனக்கு இந்தச் சிக்கல் எப்படி வந்து சேர்கிறது என்று சொல்கிறேன்.

போன மாதம் ஒரு முன்பதிவு ஃபார்ம். பெயர் போட்டேன், நன்றாகப் போனது. அடுத்து தேதி. டேப் அடித்தேன், தேதிப் பெட்டியைத் தாண்டி நேராகக் கீழே போய்விட்டது. திரும்ப வந்து அம்புக்குறியால் வரிவரியாகத் தேடினேன். "கிளிக்கபிள் 1, கிளிக்கபிள் 2, கிளிக்கபிள் 3" என்று 31 வரை சொன்னது. எந்த மாதம் என்று சொல்லவில்லை. 14ல் நின்று என்டர் அடித்தேன். தேர்வானதா இல்லையா, ஒரு சத்தமும் இல்லை. பிறகு "சமர்ப்பி" என்று ஒரு சொல் கேட்டது. வெறும் சொல். அது பட்டன் என்று சொல்லவில்லை. என்டருக்கும் அசையவில்லை, ஸ்பேஸுக்கும் அசையவில்லை. டிவ்வை எடுத்து நிறம் பூசிப் பட்டன் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள், மவுஸ் கிளிக்குக்கு மட்டும் பதில் சொல்லும்படி. கடைசியில் என் தங்கையை அழைத்து அவள் கையால் அழுத்த வைத்தேன். என் சொந்த வேலை, என் சொந்த விவரம்.

எச்டிஎம்எல்லில் பட்டன் என்று ஒரு டேக் இருக்கிறது. அதைப் போட்டாலே டேப்பில் வரும், என்டர், ஸ்பேஸ் இரண்டுக்கும் வேலை செய்யும், "சமர்ப்பி, பட்டன்" என்று எனக்குச் சொல்லும். இத்தனையும் இலவசமாக வருவதை விட்டுவிட்டு, கையால் செய்து, பாதியை மறந்துபோகிறார்கள்.

ஒரே பக்கத்திலேயே எல்லாம் மாறும் தளங்களில் இன்னொரு தொல்லை. லிங்க்கை அழுத்துவேன், அமைதி. புதுப் பக்கம் வந்ததா என்று தெரியாது. சாதாரணமாகப் பக்கம் திறந்தால் ஸ்க்ரீன் ரீடர் தலைப்பைப் படிக்கும். இங்கே பிரவுசரைப் பொறுத்தவரை பக்கமே மாறவில்லை, அதனால் அது படிப்பதில்லை. ஃபோகஸை (கீபோர்டு நிற்கும் இடத்தை) எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று எழுதியவர் நினைத்துப் பார்த்திருந்தால் தப்பித்தேன். பெரும்பாலும் நினைப்பதில்லை.

---

விழுது:

ஒலிவழி, இதைப் படித்ததும் எங்கள் கருவியைத் திறந்து மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அட்டையை நகர்த்த ஒரு வழியும் இல்லை. திங்கட்கிழமை முதல் வேலை அதுதான்.

தேதிப் பெட்டிக்கு மட்டும் ஒரு சமாதானம். பிரவுசரின் சொந்தத் தேதிப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கும். எல்லாவற்றிலும் டிசைனில் இருப்பது போலவே வேண்டும் என்று கேட்பார்கள். அதற்காகத்தான் கையால் கட்டுகிறோம்.

---

மேசைவிளக்கு:

பத்து வருடம் குழுத் தலைவராக இருந்தேன். எடை முழுவதையும் டெவலப்பர் தலையில் கட்டாதீர்கள்.

நாங்கள் ஒரு தளத்தை மெலிதாகத்தான் கட்டிக் கொடுத்தோம். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் அது ஊதிப்போய் நிற்கிறது. எங்கள் கோட் ஒரு வரிகூட மாறவில்லை. கோடைத் தொடாமலே ஸ்கிரிப்ட் சேர்க்க விடும் டேக் மேனேஜர் வழியாக மார்க்கெட்டிங் ஆட்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்: மூன்று அனலிட்டிக்ஸ், ஒரு சாட் பெட்டி, பார்வையாளரின் மவுஸ் அசைவைப் பதிவு செய்யும் ஒன்று, முடிந்துபோன விளம்பரத்தின் பலனை அளக்கும் பிக்சல்கள். மொத்தம் ஒன்பது ஸ்கிரிப்ட். இவை இத்தனையும் இருப்பதால் அனுமதி கேட்கும் பெட்டி ஒன்று, அதற்கும் ஒரு ஸ்கிரிப்ட்.

நான் சண்டை போடவில்லை. ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கட்டம் போட்டேன். இதன் அறிக்கையைப் பார்ப்பவர் யார், கடைசியாக எப்போது பார்த்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். ஆறுக்கு யாருடைய பெயரும் வரவில்லை. அந்த ஆறையும் அன்றைக்கே எடுத்தோம். இன்றுவரை யாரும் வந்து கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைப் புதுப்பிப்பது வழக்கமாகிவிட்டது.

---

நூல்கண்டு:

மேசைவிளக்கு, அந்த இரண்டு கட்டத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்கிரிப்டுக்கு மட்டுமா, பேக்கேஜ் ஒவ்வொன்றுக்கும் அப்படிக் கேட்கலாம். 2016 மார்ச்சில் என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற ஒரு பேக்கேஜை அதை எழுதியவர் எடுத்துவிட்டார். ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும் பதினொரு வரி. அது இல்லாமல் உலகம் முழுக்க பில்ட்கள் உடைந்தன. உடைந்த திட்டங்களில் பலருக்கு அப்படியொன்று தங்களிடம் இருப்பதே தெரியாது, வேறொன்றின் வால் பிடித்து வந்தது. என் 34 ஆயிரம் ஃபைல்களில் எத்தனைக்கு என்னால் பெயர் சொல்ல முடியும்?

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அலுவலகத்தில் பேசி, அந்த ஏழு பக்கத்தையும் மறுபடி எழுத அனுமதி வாங்கினேன். மூன்று நாள் ஆனது. எழுதி முடித்தது ஏழு எச்டிஎம்எல் ஃபைல், ஒரு சிஎஸ்எஸ் ஃபைல். மேல்பகுதியும் அடிப்பகுதியும் ஏழிலும் ஒன்றுதான், அதனால் அவற்றைத் தனி ஃபைலாக வைத்து, பக்கத்தை அனுப்பும்போது சர்வரே அவற்றைச் சேர்த்துவிடும் சர்வர் சைடு இன்க்ளூடு போட்டேன். 90களிலிருந்து இருக்கிற வசதி, இன்றும் வேலை செய்கிறது. தொலைபேசி எண் இப்போது ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கேள்வி பதில் பக்கத்தில் கேள்வியை அழுத்தினால் பதில் விரிய வேண்டும். எச்டிஎம்எல்லின் டீடெயில்ஸ் டேக்கே அதைச் செய்துவிடுகிறது. கட்டாயம் நிரப்ப வேண்டியவற்றுக்கு எச்டிஎம்எல்லின் ரெக்வயர்டு என்ற குறிப்பு. தேதிக்கு பிரவுசரின் சொந்தப் பெட்டி. விழுது சொன்ன மாதிரியே, ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி தெரிகிறதே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அவரவர் போனில் அவரவருக்குப் பழகிய பெட்டிதான் வரும் என்று இரண்டு போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒப்புக்கொண்டார்கள். சர்வீஸ் வொர்க்கரை வெறுமனே நீக்கினால் ஏற்கெனவே வந்தவர்கள் போனில் பழையதே தங்கிவிடும். அதனால் அதே பெயரில், காத்திருக்காமல் உடனே பொறுப்பேற்று, சேமித்ததை அழித்துவிட்டுத் தன்னையும் நீக்கிக்கொள்ளும் ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்திருக்கிறேன்.

முகப்புப் பக்கம் லோகோ உட்பட 38 கேபி. ஒன்பது விநாடி எடுத்த அதே போனில் விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது. பில்ட் என்று எதுவும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்தது வேறொன்று. அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். விடுமுறை நாட்கள் பக்கத்தின் ஃபைலைத் திறந்து, எப்படி மாற்றுவது என்று காட்டினேன். "இது சாதாரண எழுத்துதானே" என்றார். மறுநாளே ஒரு தேதியைத் திருத்தி அவரே ஏற்றிவிட்டார். டேக் எதையும் கெடுக்கவில்லை. சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 90களின் தொடக்கத்தில் எழுதிய முதல் தளத்தின் பழைய பிரதியை இன்றைய பிரவுசரிலும் திறக்கலாம், வியூ சோர்ஸ் போட்டால் படிக்கலாம். படித்தால் புரிகிற பொருளாகத்தான் இது நம் கைக்கு வந்தது. அந்த அம்மா திருத்தும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

ஒலிவழி, ஒரு உதவி. ஃபார்மின் சோதனை முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது ஒருமுறை நிரப்பிப் பார்க்க முடியுமா?

---

ஒலிவழி:

நிரப்பினேன். தேதியை நாள், மாதம், வருடம் என்று தனித்தனியாகச் சொன்னது, எண்ணைத் தட்டியே போட்டேன். கடைசியில் "சமர்ப்பி, பட்டன்". யாரையும் அழைக்கவில்லை. பெயரிலிருந்து சமர்ப்பிப்பது வரை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரே ஒரு குறை. தொலைபேசி எண்ணை வேண்டுமென்றே ஒரு இலக்கம் குறைத்து அனுப்பினேன். சர்வரிலிருந்து பக்கம் திரும்பி வந்தது. பிழைச் செய்தி எங்கோ இருக்கிறது, ஆனால் அந்தப் பெட்டிக்கு வரும்போது அது படிக்கப்படவில்லை. செய்தியைப் பெட்டியோடு ஏரியா-டிஸ்கிரைப்டுபை என்ற எச்டிஎம்எல் பண்பைப் போட்டு இணைத்துவிடுங்கள். பக்கத் தலைப்பின் தொடக்கத்திலேயே "பிழை" என்று வந்தால் இன்னும் நல்லது, திறந்ததும் காதில் விழும்.

---

நூல்கண்டு:

இரண்டையும் செய்துவிட்டேன். நாலு வரிதான், ஏற்றியும் ஆயிற்று. அதே எண்ணை மறுபடி ஒருமுறை குறைத்து அனுப்பிப் பாருங்கள்.